ஒன்பதாவது இன்னிங்ஸின் விலை
பேஸ்பால் வரலாற்றுத் தொடர் – 17

1959-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் இடையில் வந்து வீசும் ரிலீவர் எல்ராய் ஃபேஸ் 18 ஆட்டங்களில் வென்று, ஒன்றே ஒன்றில் தோற்றார். முதல் பந்திலிருந்து வீசும் பெரிய பிட்சர்களுக்கே வாய்க்காத கணக்கு அது. எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். சிகாகோ கப்ஸ் அணியோடு ஊர் ஊராகப் போய் எழுதிக்கொண்டிருந்த ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற நிருபருக்கு மட்டும் அந்தக் கணக்கு உறுத்தியது.

பேஸ்பாலில் வெற்றி அணிக்கு மட்டும் சொந்தமல்ல, ஒரு பிட்சரின் பெயரிலும் எழுதப்படும். அணி கடைசியாக முன்னிலைக்கு வந்தபோது பந்துவீச்சுப் பொறுப்பில் இருந்தவர் யாரோ, அவர் பெயரில் ஏறும். ஃபேஸ் முன்னிலையோடு உள்ளே வருவார். ரன் கொடுத்து ஆட்டத்தைச் சமனாக்கிவிடுவார். பிறகு அவர் அணியின் பேட்டர்கள் அடித்து ஆட்டத்தை மீட்பார்கள். வெற்றி ஃபேஸின் கணக்கில் சேரும். அந்த 18 வெற்றிகளில் சில இப்படி வந்தவைதான். அதே ஆண்டில் கப்ஸ் அணியின் டான் எல்ஸ்டனும் பில் ஹென்றியும் வேறு யாரோ சம்பாதித்த முன்னிலையைக் கடைசிவரை காத்துக் கொடுத்துவந்தார்கள். அந்த உழைப்பைக் குறித்துவைக்க ஒரு கட்டம்கூட ஸ்கோர் அட்டையில் இல்லை. வேலையைக் கெடுத்தவருக்குப் புகழ், ஒழுங்காகச் செய்தவருக்கு வெறுங்கை.

ஹோல்ட்ஸ்மன் தானே ஒரு கணக்கை வகுத்தார். அதன் பெயர் 'சேவ்'. முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தில் இடையில் புகுந்து, அந்த முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துத் தரும் பிட்சருக்கு ஒரு சேவ். 1960 முதல் 'தி ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழ் இந்தப் பட்டியலை வெளியிட்டது. 1969-இல் மேஜர் லீக் இதை அதிகாரபூர்வமாக ஏற்றது. ஒரு பேட்டர் எத்தனை ரன்களை அடித்துக் கொண்டுவந்தார் என்ற கணக்கு 1920-இல் அங்கீகரிக்கப்பட்ட பிறகு, அந்த அளவுக்கு முக்கியமான புதிய கணக்கு எதுவும் அதுவரை சேரவில்லை. 1969 ஏப்ரல் 7 அன்று சின்சினாட்டி அணிக்கு எதிராக டாட்ஜர்ஸின் பில் சிங்கர் மூன்று இன்னிங்ஸ் வீசி முதல் அதிகாரபூர்வ சேவைப் பெற்றார். சிங்கர் வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர். ஆட்டத்தை முடித்துவைப்பதற்கென்றே 'க்ளோசர்' என்று தனியாக ஒரு வேலை அன்று இல்லை.

நியாயம் கேட்டுப் பிறந்த இந்த எண், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மேனேஜர்களின் புத்தியையும் முதலாளிகளின் பணப்பையையும் எப்படித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்பதுதான் இந்த வாரக் கதை.

அதற்கு முன்பும் ரிலீவர்கள் இருந்தார்கள். 1924-இல் கோப்பை வென்ற வாஷிங்டன் அணியில் ஃபிர்போ மார்பெரி இருந்தார். 1950-இல் பிலடெல்பியாவின் ஜிம் கான்ஸ்டன்டி 74 ஆட்டங்களில் இடையில் வந்து வீசி, லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையே வாங்கினார். ஆனாலும் புல்பென் என்பது பெரும்பாலும் தொடக்க பிட்சர் ஆகத் தகுதியில்லாதவர்கள் உட்கார்ந்திருக்கும் இடமாகவே பார்க்கப்பட்டது. அந்தப் பார்வையை 1970-கள் மாற்றின. 1974-இல் டாட்ஜர்ஸின் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் வந்து 208 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்ற முதல் ரிலீவர் ஆனார். ஒரே பருவத்தில் 106 ஆட்டம்! இன்றுவரை யாரும் அதை எட்டவில்லை.

அந்தக் காலத்து ரிலீவர்களுக்கு 'தீயணைப்பு வீரர்' என்று பட்டப்பெயர். பெயருக்கு ஏற்ற வேலைதான். எந்த இன்னிங்ஸ் என்று பார்க்காமல், எங்கே தீப்பிடிக்கிறதோ அங்கே ஓடிவர வேண்டும். அவர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் கூஸ் காஸேஜ். 1978 அக்டோபர் 2, பாஸ்டனின் ஃபென்வே பார்க். 162 ஆட்டங்கள் முடிந்தும் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் சமமாக நின்றதால், கூடுதலாக ஒரே ஒரு ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸில் பக்கி டென்ட் அடித்த மூன்று ரன் ஹோம்ரன் யாங்கீஸுக்கு முன்னிலை தந்தது. அதே இன்னிங்ஸின் மறுபாதியில் ஒருவர் அவுட், ஒருவர் பேஸில். காஸேஜ் வந்தார். ஆட்டம் முடிய இன்னும் எட்டு அவுட் வேண்டும். எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் கொடுத்தார். 5-4 ஆகிவிட்டது. ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது பேஸில் ஒருவர், முதல் பேஸில் ஒருவர். பேட்டிங்கில் பாஸ்டனின் செல்லப்பிள்ளை கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி. காஸேஜ் தன் முழு வேகத்தில் வீசினார். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு நேர்மேலே எழும்பி மூன்றாவது பேஸ் அருகே நின்ற கிரெய்க் நெட்டில்ஸின் கையில் விழுந்தது. எட்டு அவுட்டும் ஒரே ஆளின் உழைப்பு. அதற்குக் கிடைத்தது ஒரு சேவ்.

இப்போது விதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1975 முதல் இன்றுவரை நடப்பில் உள்ள விதிப்படி, மூன்று ரன் அல்லது அதற்குக் குறைந்த முன்னிலையோடு வந்து, ஒரு முழு இன்னிங்ஸ் வீசி ஆட்டத்தை முடித்தாலே சேவ் உண்டு. யாரும் பேஸில் இல்லாத ஒன்பதாவது இன்னிங்ஸில், மூன்று ரன் கையிருப்போடு வந்து மூன்று பேரை அவுட்டாக்கினாலும் ஒன்று. காஸேஜைப் போல வெந்துபோய் வெளியே வந்தாலும் ஒன்று. ஏழாவது இன்னிங்ஸில் பேஸ்கள் நிறைந்து நிற்கும்போது வந்து தீயை அணைத்துவிட்டு, அடுத்தவரிடம் பந்தைக் கொடுத்துப் போகிறவருக்குச் சேவ் கிடையாது. சுலபமான வேலைக்கும் கடினமான வேலைக்கும் ஒரே கூலி என்றால் ஆட்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள்?

சாய்வு தொடங்கிய இடம் ஓக்லண்ட். அதைத் தொடங்கிவைத்தவர்கள் மேனேஜர் டோனி லா ரூசாவும் பந்துவீச்சுப் பயிற்சியாளர் டேவ் டங்கனும். அவர்கள் கையில் கிடைத்தவர் டென்னிஸ் எக்கர்ஸ்லி. 1977-இல் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டம் வீசியவர், 1978-இல் 20 வெற்றி கண்டவர். பிறகு குடி அவரைக் கவிழ்த்தது. 1987 ஜனவரியில் சிகிச்சை மையத்தில் சேர்ந்து மீண்டுவந்தார். சில மாதங்களில் கப்ஸ் அணி மூன்று மைனர் லீக் வீரர்களைப் பெற்றுக்கொண்டு அவரை ஓக்லண்டுக்குக் கொடுத்துவிட்டது.

வயது 32. முழு ஆட்டம் வீசும் காலம் போய்விட்டது. ஆனால் பந்தை நினைத்த இடத்தில் வைக்கும் துல்லியம் அப்படியே இருந்தது. லா ரூசா அவருக்கு ஒரு எல்லை வகுத்தார். ஒன்பதாவது இன்னிங்ஸ், கையில் முன்னிலை, பெரும்பாலும் பேஸ்கள் காலி. அதற்கு முன்னால் வரும் நெருக்கடிகளை ரிக் ஹனிகட், ஜீன் நெல்சன் போன்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 1988-இல் எக்கர்ஸ்லி 72 இன்னிங்ஸ் சொச்சம் வீசி 45 சேவ் எடுத்தார். 1975-இல் காஸேஜ் 141 இன்னிங்ஸுக்கு மேல் வீசி எடுத்தது 26. வேலை பாதியானது, பெயர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது.

இதனால் எக்கர்ஸ்லியின் திறமை குறைந்துவிடாது. 1990-இல் அவர் 73 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், நான்கே நான்கு பேருக்கு இலவச பேஸ் கொடுத்தார். அந்த விகிதத்தை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. 1992-இல் சை யங் விருது, மிகச் சிறந்த வீரர் விருது இரண்டும் அவருக்கே.

ஆனால் அந்த வேலையின் கொடூரத்தையும் அவரே முதலில் அனுபவித்தார். 1988 அக்டோபர் 15, லாஸ் ஏஞ்சலஸ், வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம். ஓக்லண்ட் 4-3 முன்னிலை. ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட். பருவம் முழுக்கப் பதினொரு பேருக்கு மட்டுமே இலவச பேஸ் கொடுத்த எக்கர்ஸ்லி, மைக் டேவிஸுக்கு ஒன்று கொடுத்தார். அடுத்து மட்டையோடு வந்தவர் கிர்க் கிப்சன். இரண்டு கால்களிலும் காயம், நடக்கவே திணறினார். அந்த சீரிஸில் அவர் பேட் செய்தது அந்த ஒரே முறைதான். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்ற நிலையில் எக்கர்ஸ்லி வீசிய ஸ்லைடரை கிப்சன் கைகளின் பலத்தாலேயே வலப்பக்க இருக்கைகளுக்குள் தூக்கி அடித்தார். 5-4. ஐந்தே ஆட்டங்களில் ஓக்லண்ட் கோப்பையை இழந்தது. அன்றிரவு எக்கர்ஸ்லி ஒளிந்துகொள்ளவில்லை. நிருபர்களின் கேள்விகளுக்கு நின்று நிதானமாகப் பதில் சொன்னார். பருவம் முழுதும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களை வென்ற ஒரு அணியின் தோல்வி, ஒரு பந்தின் வழியாக ஒரு மனிதனின் பெயரில் ஒட்டிக்கொண்டது. க்ளோசருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் இந்தச் சுமைக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஓக்லண்டைப் பார்த்து மற்ற அணிகளும் அதே பாதையில் இறங்கின. 1990-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸின் பாபி திக்பென் 57 சேவ் எடுத்தார். 2008-இல் ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் அதை 62 ஆக்கினார். சேவ் என்ற கணக்கைப் பெற்றெடுத்த ஹோல்ட்ஸ்மன் காலமானது அந்த 2008-இல்தான்.

இத்தனைக்குப் பிறகு, முன்னிலைகள் முன்பைவிடப் பத்திரமாக இருந்தனவா? பழைய ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகளைத் தேடித் திரட்டிய ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பின் தரவுகள் கையில் கிடைத்ததும் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். முன்னிலையோடு ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் நுழையும் அணி 100-க்கு ஏறக்குறைய 95 முறை வெல்கிறது. க்ளோசர் என்ற வேலையே இல்லாத காலத்திலும் 95-ஐ ஒட்டித்தான் இருந்தது, கோடிகளைக் கொட்டி க்ளோசர்களை வாங்கிய காலத்திலும் 95-ஐ ஒட்டித்தான் இருந்தது. மூன்று ரன் முன்னிலையை ஓரளவு நல்ல பிட்சர் யாரும் காப்பாற்றிவிடுவார். சிக்கல் ஒரு ரன் முன்னிலையில்தான், அதுவும் பல சமயம் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில்.

இதைப் புரிந்துகொண்டு வியாபாரம் செய்தவர் ஓக்லண்டின் பொது மேலாளர் பில்லி பீன். சேவ் எண்ணிக்கையைப் பார்த்து விலை பேசுகிறார்கள் என்றால், ஒரு சாதாரண பிட்சரை ஒன்பதாவதில் நிறுத்து, சேவ் சேரட்டும், விலை ஏறியதும் விற்றுவிடு. 1999-இல் வயதான பில்லி டெய்லரை மெட்ஸுக்குக் கொடுத்து ஜேசன் இஸ்ரிங்ஹவுசனை வாங்கினார். தொடக்க பிட்சராகத் தேறாமல், காயங்களால் அவதிப்பட்டவர் அவர். ஓக்லண்டில் க்ளோசராகப் பெயர் எடுத்தார், 2001 முடிவில் பெரிய ஒப்பந்தத்தோடு செயின்ட் லூயிஸுக்குப் போனார். அவர் இடத்துக்கு பில்லி காக் வந்தார், 2002-இல் 44 சேவ் எடுத்தார். உடனே அவரை ஒயிட் சாக்ஸுக்குத் தள்ளிவிட்டு கீத் ஃபோக்கை வாங்கினார் பீன். காக் அடுத்த ஆண்டே சரிந்தார். ஃபோக் 43 சேவ் எடுத்தார்.

பாஸ்டன் இன்னும் ஒரு படி மேலே போகப் பார்த்தது. புள்ளிவிவர ஆய்வின் மூத்தவரான பில் ஜேம்ஸை ஆலோசகராக வைத்துக்கொண்டு, 2003-இல் தனி க்ளோசர் வேண்டாம், சூழ்நிலைக்கேற்ப யாரை வேண்டுமானாலும் அழைப்போம் என்று தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே 4-1 என்று முன்னிலையில் இருந்து, ஒன்பதாவதில் டாம்பா பேயின் கார்ல் கிராஃபோர்ட் அடித்த ஹோம்ரனால் 6-4 என்று தோற்றது. ஊரே சிரித்தது. மே மாதத்துக்குள் பியுங்-ஹியூன் கிம்மை வாங்கிவந்தார்கள். திட்டம் தவறு என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல பிட்சர்கள் இல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது, அவ்வளவுதான்.

அதற்குச் சாட்சி அதே பாஸ்டன். அடுத்த ஆண்டுக்கு அவர்கள் ஃபோக்கை வாங்கினார்கள், புதிய மேனேஜராக டெரி ஃபிரான்கோனா வந்தார். 2004 அக்டோபரில் யாங்கீஸிடம் மூன்று ஆட்டங்களை இழந்து, அடுத்ததையும் இழந்தால் வீட்டுக்குப் போக வேண்டிய நிலையில், ஃபிரான்கோனா ஃபோக்கை ஏழாவது இன்னிங்ஸிலேயே அழைத்தார். அணி அப்போது பின்தங்கியிருந்தது. காப்பாற்ற முன்னிலையே இல்லை, சேவுக்கு வழியே இல்லை. தொடர்ந்து மூன்று நாள், சொன்ன போதெல்லாம் ஃபோக் வந்து வீசினார். அந்த அக்டோபர் முழுக்க 14 இன்னிங்ஸில் அவர் கொடுத்தது ஒரே ஒரு ரன். 1918-க்குப் பிறகு பாஸ்டனுக்குக் கிடைத்த முதல் கோப்பையின் கடைசி பந்து அவர் கைக்கே உருண்டு வந்தது. அதன் பிறகு அந்தக் கையும் முழங்காலும் பழையபடி ஒத்துழைக்கவே இல்லை.

அந்த மூன்று நாட்களில் எதிர்ப்பக்கம் நின்றவர் மரியானோ ரிவேரா. ஓர் ஒன்பதாவது இன்னிங்ஸ் முன்னிலையை அவரே அங்கே தவறவிட்டார். ஆனாலும் க்ளோசர் என்ற வேலைக்கு ஒரு மனிதனைக் காட்டு என்றால் அவரைத்தான் காட்ட வேண்டும். பனாமாவின் புவர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊரில், படகில் தந்தையோடு வலை இழுத்தவர். 1996-இல் க்ளோசர் ஜான் வெட்லண்டுக்கு முன்னால் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களில் வந்து 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். யாங்கீஸ் 18 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை வென்ற பருவம் அது. அவர் பெயரில் ஏறிய சேவ் ஐந்து மட்டும். தன் பிற்கால ஒன்பதாவது இன்னிங்ஸ் பருவங்கள் பலவற்றைவிட அந்த ஆண்டில்தான் அவர் அணிக்கு அதிகம் உழைத்தார் என்பேன். 1997-இல் சக வீரர் ரமிரோ மெண்டோசாவோடு பந்தை எறிந்து பிடித்துப் பயிற்சி செய்யும்போது, பந்து கடைசி நேரத்தில் தானாக விலக ஆரம்பித்தது. அந்தக் 'கட்டர்' ஒன்றை வைத்தே 2013 வரை வீசி, எத்தனையோ இடக்கை பேட்டர்களின் மட்டைகளை முறித்துப்போட்டார்.

மொத்தம் 652 சேவ். அது பெரிய எண்தான். ஆனால் அவர் மதிப்பைச் சொல்வது இன்னொன்று: பிளேஆஃப் ஆட்டங்களில் 141 இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 0.70 ரன், இரண்டே ஹோம்ரன். அந்த ஆட்டங்களில் மேனேஜர் ஜோ டோரே ஒன்பதாவதுவரை காத்திருக்கவில்லை, எட்டாவதிலேயே அழைப்பார். 2003-இல் பாஸ்டனோடு ஏழாவது ஆட்டம் சமனாகி நீண்டபோது ரிவேரா 9, 10, 11 என்று மூன்று இன்னிங்ஸ் வீசினார். அதன் பிறகுதான் ஏரன் பூனின் ஹோம்ரன் வந்தது. 2019-இல் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் 425 பேரும் அவருக்கு வாக்களித்தார்கள். ஒருமனதாகத் தேர்வான முதல் வீரர் அவர்.

2003-இன் அந்த ஏழாவது ஆட்டத்தை டோரே சொந்த மைதானத்தில் ஆடினார் என்பது முக்கியம். ஒன்பதாவதும் அதற்கு மேலும் சமனில் இருக்கும் ஆட்டத்தில் சொந்த அணிக்குச் சேவ் என்ற பேச்சே இல்லை. ஒரு ரன் எடுத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அதனால் க்ளோசரைத் தயங்காமல் அழைப்பார்கள். வெளியூர் என்றால் கதை வேறு. முன்னிலை வந்தால் அதைக் காக்க ஆள் வேண்டுமே என்று எடுத்துவைப்பார்கள். கிரிக்கெட்டில் சிறந்த பந்துவீச்சாளரை நடுவில் இரண்டு ஓவர் வீசவிட்டு, கடைசி ஓவருக்கு மறுபடி அழைக்கலாம். பேஸ்பாலில் வெளியே போனவர் அன்றைக்கு மறுபடி வர முடியாது. ஆகவே அந்தத் தயக்கத்தில் ஓரளவு நியாயம் உண்டு. எவ்வளவு நியாயம் என்பதற்கு 2016 அக்டோபர் 4 பதில் சொன்னது.

டொராண்டோவில் ஒரே ஆட்டம், தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். விருந்தாளி பால்டிமோர் ஓரியோல்ஸ். அவர்களிடம் அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ரிலீவர் ஸாக் பிரிட்டன் இருந்தார். 47 வாய்ப்பு, 47 சேவ். 67 இன்னிங்ஸில் அவர் கணக்கில் ஏறியது நான்கே ரன். ஆட்டம் 2-2 என்று சமனில் நின்றது. எட்டாவது போனது, ஒன்பதாவது போனது, பத்தாவதும் போனது. பால்டிமோர் மேனேஜர் பக் ஷோவால்டர் ஒருவர் பின் ஒருவராக மற்ற ரிலீவர்களை அனுப்பினார். பிரிட்டன் புல்பென்னில் கையைச் சூடுபடுத்திக்கொண்டு நின்றார். பதினொன்றாவதில் வந்தவர் உபால்டோ ஹிமெனஸ், அந்தப் பருவத்தில் தடுமாறிய தொடக்க பிட்சர். அடுத்தடுத்து இரண்டு சிங்கிள், பிறகு எட்வின் என்கர்னசியோனின் மூன்று ரன் ஹோம்ரன். 5-2, பருவம் முடிந்தது. பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை. வராத முன்னிலைக்காக அவரை எடுத்துவைத்தார்கள். ஷோவால்டர் அனுபவமும் கூர்மையும் உள்ள மேனேஜர், அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. முப்பது ஆண்டுகளாக எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். அந்தப் பழக்கம் ஹோம்ரனாகப் போய் விழுந்தது.

அதே டொராண்டோ அணி இரண்டு வாரத்தில் கிளீவ்லண்டைச் சந்தித்தது. கிளீவ்லண்டின் மேனேஜர், பாஸ்டனில் ஃபோக்கை ஏழாவதில் அழைத்த அதே ஃபிரான்கோனா. இம்முறை அவர் கையில் இருந்தவர் ஆண்ட்ரூ மில்லர். அந்த அக்டோபரில் மில்லர் ஐந்தாவது இன்னிங்ஸிலும் வந்தார், ஆறாவதிலும் ஏழாவதிலும் வந்தார். எதிரணியின் வலுவான பேட்டர்கள் எப்போது வருகிறார்களோ அப்போது. டொராண்டோவுக்கு எதிராக 7 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 14 ஸ்ட்ரைக்-அவுட், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். ஒன்பதாவது இன்னிங்ஸைப் பெரும்பாலும் கோடி ஆலன் முடித்துவைத்தார்.

பாடம் எல்லோருக்கும் தெரிந்தது. விலை மட்டும் இறங்கவில்லை. 2016 முடிவில் அரோல்டிஸ் சாப்மன் யாங்கீஸோடு ஐந்தாண்டுக்கு 8.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். 2022 நவம்பரில் மெட்ஸ் அணி எட்வின் டியாஸுக்கு ஐந்தாண்டுக்கு 10.2 கோடி டாலர் கொடுத்தது. ஒரு ரிலீவர் பத்துக் கோடியைத் தாண்டியது அதுவே முதல் முறை. ஓர் அணி ஒரு பருவத்தில் ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ் வீச வேண்டும். அதில் க்ளோசரின் பங்கு 60 அல்லது 70. அந்த 60 இன்னிங்ஸும் ஆட்டம் ஊசலாடும் நேரத்தில் வீசப்பட்டால் டியாஸ் அந்தப் பணத்துக்குத் தகுதியானவர்தான். மூன்று ரன் முன்னிலையைக் காவல் காக்க என்றால் அது வீண் செலவு. ஒப்பந்தம் போட்ட நான்காவது மாதம், 2023 மார்ச்சில், போர்ட்டோ ரிக்கோவுக்காக ஆடி ஜெயித்த மகிழ்ச்சியில் குதித்தபோது டியாஸின் முழங்கால் தசைநாண் அறுந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் வீசவே இல்லை.

இதற்கிடையில் டாம்பா பேயில் ஒருவர் வேறு திசையில் யோசித்திருந்தார். எதிரணியின் முதல் மூன்று பேட்டர்கள் நிச்சயமாக வரும் இன்னிங்ஸ் முதல் இன்னிங்ஸ்தானே, அப்படியானால் ரிலீவரை அங்கேயே நிறுத்தினால் என்ன? 2018 மே 19 அன்று அனஹெய்ம் மைதானத்தில், 2012 வேர்ல்ட் சீரிஸின் கடைசி அவுட்டை எடுத்த செர்ஜியோ ரோமோ முதல் பந்தை வீச வந்தார். மைக் ட்ரவுட் உட்பட மூன்று பேரையும் ஸ்ட்ரைக்-அவுட் செய்துவிட்டு இறங்கிப்போனார். மறுநாளும் அவரே தொடங்கினார். அந்தச் சோதனை தொடக்க பிட்சர்களின் வாழ்க்கையை என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)